எளிய வாசிப்பு: புதுக்கோட்டை அறிவொளி முதல் அறிவுசார் குறைபாடு உடையோர் உரிமை வரை

எளிய வாசிப்பு என்பது எழுத்தில் உள்ள தகவலைச் சிறு வாக்கியங்கள், பழகிய சொற்கள், பெரிய எழுத்து, பொருளை விளக்கும் படம் ஆகியவற்றால் அமைக்கும் முறை. இது அறிவுசார் குறைபாடு உடையோரை முதன்மையாகக் கருதி உருவானது. தமிழகத்தில் இம்முறை தனி இயக்கமாக வளரவில்லை. ஆயினும் இதற்கு மிக நெருங்கிய முயற்சி ஒன்று 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்தது.

புதுக்கோட்டை அறிவொளி இயக்கம்

தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988-இல் தொடங்கப்பட்டது. 1990-இல் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர், ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் ஆகியோர் இதில் இணைந்தனர். கல் குவாரித் தொழிலாளர்களும் விவசாயக் கூலிப் பெண்களும் கற்போராயினர். பெண்கள் பெருந்திரளாக மிதிவண்டி ஓட்டக் கற்றதை பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி உலகறியச் செய்தார். இயக்கத்தின் வரலாற்றை வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஷீலா ராணி சுங்கத்தும் 1996-இல் ஆங்கில நூலாக வெளியிட்டனர்.

பாடநூல் தந்த பாடம்

எழுத்தறிவு இயக்கப் பாடநூல்கள் மூன்று படிகளாக அமைந்தன. பயிற்சியும் தேர்வும் நூலுக்குள்ளேயே இருந்தன. அகர வரிசையில் தொடங்காமல், கற்போர் அன்றாடம் புழங்கும் சொல்லையும் படத்தையும் முன்வைத்து, அதைப் பற்றிப் பேசி, பிறகு அச்சொல்லிலிருந்து எழுத்துகளைப் பிரித்தறியச் செய்வது இதன் வழி. படிப்பவரின் வாழ்க்கையிலிருந்து எழுத்துக்கு வருவதே எளிய வாசிப்பின் அடிப்படையும் ஆகும்.

ஆனால் அவ்வியக்கத்தின் அளவுகோலில் வேகம் இருந்தது. எளிய பத்தியை நிமிடத்துக்கு 30 சொற்கள் வீதம் வாய்விட்டுப் படிப்பதும், நிமிடத்துக்கு 7 சொற்கள் வீதம் பார்த்து எழுதுவதும் எழுத்தறிவு என வகுக்கப்பட்டன. மெதுவாகக் கற்பவர், எத்தனை முறை கற்றாலும் சில சொற்களை மட்டுமே அடையாளம் காண்பவர், பிறர் படிக்கக் கேட்டுப் புரிந்துகொள்பவர் ஆகியோருக்கு இவ்வளவுகோலில் இடமில்லை. எழுத்தறிவு இயக்கம் மனிதரை எழுத்தை நோக்கி அழைத்து வந்தது. எளிய வாசிப்பு எழுத்தை மனிதரை நோக்கி நகர்த்துகிறது. வேறுபாடு இதுவே.

உலக வரலாறு

சுவீடனில் 1968-இல் முதல் எளிய வாசிப்பு நூல் வெளிவந்தது. 1984-இல் அங்கு எளிய மொழிச் செய்தித்தாளும் தொடங்கப்பட்டது. பன்னாட்டு நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பு 1997-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு 2010-இல் திருத்தியது. இன்க்ளூஷன் யூரோப் அமைப்பு 2009-இல் வெளியிட்ட நெறிகள், அறிவுசார் குறைபாடு உடையோர் பங்கேற்காமல் அவர்களுக்கான தகவலைத் தயாரிக்கலாகாது என வலியுறுத்தின.

இந்தியச் சட்டம்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-இல் ஏற்கப்பட்டது. இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று அதை உறுதிசெய்தது. அதன் வழிவந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தகவல் தொடர்பு என்பதற்குள் பிரெய்ல், சைகை மொழி ஆகியவற்றோடு எளிய மொழி, பெரிய எழுத்து, படித்துக் காட்டும் மனிதர் ஆகியவற்றையும் சேர்த்துள்ளது.

இதன் தேவை காப்பாளர் நியமனத்தில் தெளிவாகத் தெரியும். தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-இன்படி, அறிவுசார் குறைபாடு உடைய வயது வந்தவருக்குக் காப்பாளரை நியமிக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவுக்கு உண்டு. பெற்றோர் மனு தருவர், குழு ஆணை தரும். யாரைப் பற்றிய ஆணையோ, அவருக்கு அது புரியும் மொழியில் இல்லையெனில், தம் வாழ்வைப் பற்றிய முடிவில் அவர் பார்வையாளராகவே நின்றுவிடுவார். மருந்துச் சீட்டு, குடும்ப அட்டை, வாக்குச்சாவடி அறிவிப்பு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

தமிழுக்கு உரிய சிக்கல்கள்

ஆங்கில நெறிகளை அப்படியே தமிழுக்குப் பொருத்த இயலாது. தமிழில் புணர்ச்சியாலும் ஒட்டுகளாலும் ஒரே சொல் நீண்டுவிடும். பேச்சும் எழுத்தும் வெகுவாக வேறுபடும். அலுவலகத் தமிழ் செயப்பாட்டு வினையை மிகுதியாகக் கையாளும். ஓர் எடுத்துக்காட்டு:

அலுவலக வழக்கு: "மேற்குறிப்பிட்ட ஆவணங்கள் இணைக்கப்படாத விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படும்."

எளிய வடிவம்: "இந்த மூன்று தாள்களையும் மனுவோடு கொடுங்கள். ஒரு தாள் இல்லை என்றாலும் மனுவை வாங்க மாட்டார்கள்."

இரண்டாவது வடிவில் யார், எதை, என்ன செய்ய வேண்டும் என்பது தெரிகிறது. மூன்று தாள்களின் படத்தையும் அருகில் அச்சிட்டால் இன்னும் தெளிவாகும். அதேவேளை எளிமை என்பது குழந்தை மொழி அன்று. நாற்பது வயதுடையவருக்கு எழுதும்போது 'நீ' என்பதும், கார்ட்டூன் படம் போடுவதும் அவரைச் சிறுமைப்படுத்தும்.

முக்கியத்துவம்

இவ்வடிவம் அறிவுசார் குறைபாடு உடையோருக்கு மட்டும் பயன்படுவதன்று. முதியோர், புதிதாக எழுதப் படிக்கக் கற்றோர், தமிழ் கற்கும் வெளிமாநிலத் தொழிலாளர் ஆகியோருக்கும் உதவும். கிராமம் கிராமமாகச் சென்ற தன்னார்வலர்களும், வாழ்க்கையிலிருந்து எடுத்த சொற்களும் அறிவொளியின் வலிமையாக இருந்தன. வேகத்தை அளவுகோலாக்காமல் அதே வழியைப் பின்பற்றினால், அறிவொளி எட்டாத வாசகர்களையும் தமிழ் எழுத்து எட்ட முடியும்.