விதைக்கோட்டை கட்டிய கைகள்

நாஞ்சில் நாட்டுக் கடலோரத்தில் உள்ள வட்டக்கோட்டை, 18-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர்ப் படைத்தலைவர் டிலனாயின் மேற்பார்வையில் வலுப்படுத்தப்பட்ட கற்கோட்டை. அதன் வரலாற்றை ஏடுகள் பேசுகின்றன. இம்மண்ணில் ஏடறியாத வேறொரு கோட்டையும் இருந்தது. விதைநெல்லை வைக்கோலில் பொதிந்து, புரி சுற்றி இறுக்கிக் கட்டிய விதைக்கோட்டையே அது. நெல்லளவுக்கும் கோட்டை என்றே பெயர்; இத்தனை கோட்டை விதைப்பாடு என்று நிலத்தின் பரப்பையும் விதையாலேயே குறித்தனர். கோட்டை கட்டிய கைகள் நம் முன்னோருடையவை. அது அடைந்த பத்தாயமோ நிலவுடைமையாளருடையது.

திருவிதாங்கூரில் 1855-ஆம் ஆண்டு அரசறிவிப்பால் அடிமைமுறை ஒழிந்தது. அதுவரை உழைப்பாளரை விற்கவும் ஒற்றி வைக்கவும் இயன்றது. விடுதலைக்குப் பின்னரும் அவர்களுக்கு நிலம் கிட்டவில்லை. கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு போகங்களுக்கும் விதை தெரிந்து, ஊறவைத்து, முளைகட்டி, நாற்றங்காலில் பாவியவர்கள் அவர்களே. நாற்றைப் பறித்து நட்டவர்கள் நம் தாய்மார்கள். இந்த உழைப்பின் ஆற்றலை நன்குணர்ந்தவர் அய்யன்காளி. 1907-இல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தோற்றுவித்த அப்பெருந்தலைவர், நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கதவு திறவாதவரை வயலில் இறங்குவதில்லை என்று உழவுத் தொழிலாளரை ஒன்றுபடுத்தினார். நடவின்றிக் கிடந்த வயல்களே கல்விக்காக வழக்காடின.

நம்மவர் கைப்பட்ட நாட்டு விதைகளின் சிறப்பை அறிவியலும் ஒப்புகின்றது. திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1985-இல் வெளிவந்த டி.பி.எஸ். 1 என்னும் நெல், ஐ.ஆர். 8 உடன் கட்டிச்சம்பாவை இணைத்து உருவாக்கப்பட்டது.

இவ்வறிவை இன்று சிறு நாற்றுப்பண்ணையாக மாற்றலாம். சில சென்ட் நிலமே இதற்குப் போதும். முதற்பணி விதைச்சோதனை. நூறு விதைகளை ஈரத்துணியில் சுற்றிவைத்து, முளைத்தவற்றை எண்ண வேண்டும். சான்று பெற்ற தக்காளி விதையில் குறைந்தது 70 விழுக்காடும், மிளகாய் விதையில் 60 விழுக்காடும் முளைத்தல் வேண்டும் என்பது விதி. விதைக்கும் முன் ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா கலந்தால் நாற்றழுகல் குறையும்.

அடுத்தது வளர்ப்பூடகம். தென்னை மலிந்த நம் மாவட்டத்தில் நார்க்கழிவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதனை மட்கச் செய்யாமல் இடலாகாது. ஒரு டன் கழிவுக்கு 5 கிலோ யூரியாவும், 5 புட்டி சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காக இட்டு, ஈரம் காத்தால் ஏறத்தாழ ஒரு மாதத்தில் மட்கும். கடலோரக் கிணறுகளில் உப்பேறும் இடங்களில் தண்ணீரைச் சோதித்த பின்னரே பயன்படுத்த வேண்டும். 98 குழிகள் கொண்ட ஒரு நெகிழித் தட்டுக்கு ஏறத்தாழ 1.2 கிலோ மட்கிய நார்க்கழிவு தேவை. வெயிலையும் கடற்காற்றையும் தணிக்க நிழல்வலை கட்டவேண்டும். தக்காளி ஏறத்தாழ 25 நாளிலும், மிளகாய் 35 நாளிலும் விற்பனைக்கு வரும்.

சட்டத்தின் பார்வையில் நாற்றும் விதையே. எனவே 1983-ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உரிமம் பெற்றே விற்றல் வேண்டும். முதலுக்கு வழியில்லாதோர் 1974-இல் நிறுவப்பெற்ற தாட்கோவின் கடனுதவித் திட்டங்களை நாடலாம்.

விதை வாங்கிய நாள், முளைப்புத்திறன், செலவு, விற்ற விலை ஆகியவற்றை ஏட்டில் எழுதி வைத்தல் இன்றியமையாதது. நம் முன்னோரிடம் தொழிலறிவு நிறைந்திருந்தது. கணக்கேடு மட்டும் பிறர் கையில் இருந்தது. அதனாலேயே விளைவித்தவர் கூலியோடு நின்றார். விலை சொன்னவர் வேறொருவரானார். எழுத்தும் எண்ணும் கற்பித்துவரும் நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா ஆண்டில், அக்கணக்கேட்டை நம் இளைஞர் கையில் எடுப்பாராக. தாம் பாவிய நாற்றுக்குத் தாமே விலை சொல்லும் நாள், நம் பாட்டன்மார் கண்டிராத நாளாகும்.