இண்டைட்மென்ட்

அமெரிக்கக் கூட்டாட்சிக் குற்ற வழக்குகளில் கிராண்ட் ஜூரி பிறப்பிக்கும் குற்றச்சாட்டுப் பத்திரம்.

வேர்: 'சொல்லுதல், அறிவித்தல்' எனப் பொருள்படும் லத்தீன் வினை. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பிற்காலத்தார் லத்தீனைப் பார்த்து எழுத்தில் ஒரு 'சி' சேர்த்தார்கள்; உச்சரிப்பில் அது ஏறவேயில்லை.

1791-இல் நடைமுறைக்கு வந்த ஐந்தாம் அரசியலமைப்புத் திருத்தம், கடுமையான குற்றங்களுக்கு இந்தப் பத்திரம் வேண்டும் என்கிறது. கிராண்ட் ஜூரியான 16 முதல் 23 குடிமக்கள் மூடிய அறையில் அமர்ந்து அரசு வழக்கறிஞர் முன்வைக்கும் சான்றுகளைக் கேட்பார்கள். குற்றம் சாட்டப்படுபவரின் வழக்கறிஞருக்கு உள்ளே இடமில்லை. 12 பேர் ஒப்பினால் போதும்.

விளைவுகள் பெரியவை. ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கத்தக்க இத்தகைய குற்றம் 'ஃபெலனி'. அது நிரூபணமானால் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை போகும். குடியுரிமை இல்லாதவர் நாடு கடத்தப்படலாம். 1987 நவம்பர் முதல் நடந்த கூட்டாட்சிக் குற்றங்களுக்குப் பரோலும் கிடையாது.

ஆனால் இண்டைட்மென்ட் தீர்ப்பு அல்ல. ஒரு தரப்பை மட்டும் கேட்டு எழுதியது. அந்தக் கட்டத்தில் எவரையும் 'குற்றவாளி' என்று எழுதாதீர்கள். 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்றே எழுதுங்கள்.