பாரமவுண்ட் ஏர்வேஸ்

மதுரை ஜவுளி ஆலைக் குடும்பம் ஒன்றிலிருந்து வந்த மு. தியாகராஜன் 2005 அக்டோபரில் தொடங்கிய தென்னிந்திய விமான நிறுவனம். கோவை, மதுரை, சென்னை ஆகிய நகரங்களை இணைத்தது. பிரேசிலின் எம்ப்ரேயர் 170 ரக விமானங்களை இந்தியாவில் முதலில் பறக்கவிட்டது இதுவே. சுமார் 70 இருக்கைகள். எல்லாமே சொகுசு வகுப்பு. மலிவுக் கட்டணப் போட்டி சூடுபிடித்திருந்த காலத்தில் அது துணிச்சலான கணக்குதான். விமானங்கள் சொந்தமானவை அல்ல, குத்தகைக்கு எடுத்தவை. குத்தகைக்கு விட்டவர்களுடன் எழுந்த வழக்கால் விமானங்கள் கைவிட்டுப் போக, 2010-இல் சேவை நின்றது. பின்னர் கோவையைத் தளமாகக் கொண்டு 2016-இல் எழுந்த ஏர் கார்னிவல் என்ற விமான நிறுவனமும் அடுத்த ஆண்டே முடங்கியது.