லோட்டஸ் கோர்ட்டினா: 60 குதிரைத்திறன் 105 ஆன வரலாறு

1962-ஆம் ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்தின் ஃபோர்டு நிறுவனம் கோர்ட்டினா எனும் மகிழுந்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பணிக்குச் செல்லவும் ஞாயிறன்று குடும்பத்தை ஏற்றிச் செல்லவும் ஏற்ற எளிய வண்டி அது. நான்கே மாதங்களில், 1963 சனவரியில், அதே கூட்டோடு இன்னொரு வண்டி அறிமுகமானது. வெள்ளை நிறம், பக்கவாட்டில் ஒரு பச்சைக் கோடு. அதுவே லோட்டஸ் கோர்ட்டினா. லோட்டஸ் நம் நாட்டாருக்கு அந்நியப் பெயரன்று. 1996 முதல் 2017 வரை அது புரோட்டோனின் உடைமையாக இருந்தது.

இவ்வண்டிக்குக் காரணம் பந்தய விதி. 1,000 வண்டிகள் செய்தால்தான் அவ்வகையைப் பந்தயத்தில் இறக்கலாம். ஃபோர்டின் வால்டர் ஹேஸ் அப்பொறுப்பை லோட்டஸின் காலின் சாப்மனிடம் ஒப்படைத்தார். சாப்மனிடம் ஏற்கனவே ஓர் இயந்திரம் உருவாகியிருந்தது. அடிப்பாகம் ஃபோர்டுடையது, மேல்தலையை வடிவமைத்தவர் ஹாரி மண்டி. அவர் அப்போது 'ஆட்டோகார்' இதழின் தொழில்நுட்ப ஆசிரியர்!

1498 கன சென்டிமீட்டர் கொண்ட சாதாரண ஃபோர்டு இயந்திரத்தின் திறன் சுமார் 60. லோட்டஸ் உருளைகளின் விட்டத்தைச் சற்றே பெருக்கி 1558 ஆக்கியது. நூற்றுக்கு நான்கு அளவே கூடியது. திறனோ 105-ஐத் தொட்டது. எப்படி? எல்லாம் மூச்சு விடும் வகையில்தான் இருக்கிறது. பழைய தலையில் காற்று புகும் வழியும் புகை வெளியேறும் வழியும் ஒரே பக்கத்தில் இருந்தன. மண்டி அவற்றை எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்தார். வால்வுகளைச் சாய்த்து, அவற்றின் மேலேயே இரண்டு கேம் தண்டுகளை அமைத்தார். இரண்டு வெபர் கார்புரேட்டர்கள் காற்றையும் பெட்ரோலையும் தாராளமாக ஊட்டின. பந்தயத்துக்கெனச் செப்பனிட்டபோது இதே இயந்திரம் 140-ஐயும் தாண்டியது.

குதிரைத்திறன் என்றதும் வகுப்பில் சிரிப்பு எழும். அதை அளக்கும் முறை பாடமாகச் சொல்லத்தக்கது. இயந்திரத்தை ஒரு மேடையில் பூட்டி, ஓடும் தண்டுக்கு ஒரு தடையைக் கொடுக்கின்றனர். தடையை எதிர்த்துத் தண்டு முறுக்கும் விசையையும் நிமிடச் சுழற்சியையும் கொண்டு திறனைக் கணிக்கின்றனர். ஆனால் மேடையில் விசிறியையும் புகைக்குழாயையும் கழற்றி வைத்தால் எண் உயர்ந்துவிடும். எனவே விளம்பரத்து எண்ணை நான் முழுமையாக நம்புவதில்லை. சாலைச் சோதனையே மேல். அக்கால இதழாளர்கள் வண்டியின் பின்னால் ஐந்தாவது சக்கரம் ஒன்றைப் பூட்டி உண்மை வேகத்தை அளந்தனர். ஏனெனில் வண்டியின் வேகமானி பெரும்பாலும் கூட்டியே காட்டும். அவ்வாறான சோதனைகளில் லோட்டஸ் கோர்ட்டினா சுமார் 10 வினாடிகளில் 97 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. உச்ச வேகம் ஏறத்தாழ 170. அன்றைய குடும்ப வண்டிக்கு இது வியப்பே.

ஆயினும் உண்மையான சோதனை வாங்கியவர்களின் கையில் நடந்தது. கூடிய திறனைத் தாங்க, ஃபோர்டின் பட்டைவில்களை நீக்கிவிட்டுச் சுருள்வில்களையும் 'ஏ' வடிவச் சட்டம் ஒன்றையும் பின் அச்சில் லோட்டஸ் பொருத்தியிருந்தது. கையாள்வது சிறந்தது; ஆனால் அச்சட்டத்தின் இழுவை பல்சக்கரப் பெட்டியை வருத்தியது. எண்ணெய் கசிந்தது. கசிந்த எண்ணெய் சட்டத்தின் இரப்பர்ப் புதைகளை ஊறவைத்துக் கெடுத்தது. தண்ணீர் விசைக்குழாய் பழுதானாலோ இயந்திரத்தின் முன்புறத்தையே பிரிக்க வேண்டும். 60-க்கென வார்த்த உடலில் 105-ஐ ஏற்றியதன் விலை அது.

1964-இல் ஜிம் கிளார்க் இவ்வண்டியில் பிரிட்டிஷ் மகிழுந்துப் பந்தய வாகையைச் சூடினார். வளைவுகளில் முன்சக்கரம் ஒன்று தரையை விட்டு எழும்பி நிற்கும் படங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். மறு ஆண்டு, 1965-இல், ஜான் விட்மோர் ஐரோப்பிய வாகையை வென்றார். அதே ஆண்டில்தான் லோட்டஸ் தன் சுருள்வில்களைக் கைவிட்டு, ஃபோர்டின் பழைய பட்டைவில்களுக்கே திரும்பியது.