வயலுக்கு அடியில் கிடந்த கடல் மணல்

போன வாரம் திடல்ல தென்னங்கன்னு வைக்கக் குழி வெட்டினோம். தெக்குத்தெரு பையன் ஒருத்தன்தான் மண்வெட்டி பிடிச்சான். ஒன்றரை அடி போனதும் நிறுத்திட்டு, "மாமா, இங்க எப்படி மாமா கிளிஞ்சல்?"ன்னு கேட்டான். எட்டிப் பார்த்தேன். மேலே வாய்க்கால் தூர்வாரிக் கொட்டின கருப்பு மண். கீழே நம்ம பழைய களிமண். ரெண்டுக்கும் நடுவுல நாலு விரற்கடை உயரத்துக்குச் சாம்பல் நிற மணல், அதுல பொடிக் கிளிஞ்சல். எங்க திடலுக்கும் கடலுக்கும் நடுவுல ஒரு கிலோமீட்டர் இருக்கும்.

அவனுக்கு வயசு பதினெட்டு. 2004 டிசம்பர் 26 அவன் பிறக்கறதுக்கு முந்தின சமாச்சாரம். வயல்ல படிஞ்சதை எல்லாம் மறு வருஷமே சுரண்டி வரப்போரம் தள்ளி, ஜிப்சம் போட்டு, தக்கைப்பூண்டு விதைச்சு மடக்கி உழுது உப்பை இறக்கினோம். திடல் மூலையை மட்டும் யாரும் தொடல. அப்புறம் தூர்மண்ணை அது மேலேயே கொட்டிட்டாங்க. அதனால கலையாம இருந்திருக்கு.

கதையைச் சொன்னேன். "அப்படியா"ன்னு கேட்டுட்டு மறுபடி வெட்டக் குனிஞ்சான். இருடான்னு நிறுத்தினேன். இதே மாதிரி ஒரு மணல் கோடு ஜப்பானில் நெல் வயலுக்கு அடியில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் கிடந்தது. அதைத் தோண்டி எடுத்துப் படிச்சவங்க இருந்தாங்க. படிச்சதைக் காதில் வாங்காதவங்களும் இருந்தாங்க. நடுவுல ஒரு அணுமின் நிலையம் போச்சு. பட்டணத்துல இருந்து இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்கு ஃபுகுஷிமா தெரிஞ்ச பேருதான். அந்த மணல் கதை எத்தனை பேருக்குத் தெரியும்னு தெரியல.

கி.பி. 869. ஜப்பானின் வடகிழக்கில் முட்சு மாகாணம், தகாஜோ கோட்டை அதன் தலைமை இடம். அப்போதைய ஆண்டுக் கணக்குக்கு ஜோகன் என்று பெயர். அதனால் அந்த வருஷம் வந்த நிலநடுக்கத்தையும் ஜோகன் நிலநடுக்கம் என்கிறார்கள். 901-ல் எழுதி முடிக்கப்பட்ட 'நிஹோன் சன்தாய் ஜித்சுரோகு' என்ற அரசாங்க வரலாற்றில் அதற்கு ஒரு சின்னப் பத்தி இருக்கிறது. வானத்தில் வெளிச்சம் ஓடியதாம். ஜனங்கள் நிற்க முடியாமல் விழுந்தார்களாம், வீடு சரிந்து சிலர் மாண்டார்கள், நிலம் வெடித்துச் சிலர் புதைந்தார்கள், மாடும் குதிரையும் மிரண்டு ஓடின. கடல் இரைந்து எழுந்து கோட்டை வரைக்கும் வந்தது, வயலும் சாலையும் கடலாயின, ஆயிரம் பேர் மூழ்கினார்கள். உடைமையும் பயிரும் ஒன்றும் மிஞ்சவில்லை. சேதக் கணக்கில் பயிரையும் சேர்த்த அந்த எழுத்தர் மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு.

பதிவு இவ்வளவுதான். அலை எத்தனை அடி, நடுக்கம் எவ்வளவு பலம் என்பதெல்லாம் இல்லை. மின் நிலையம் கட்டும் பொறியாளருக்கு வேண்டியதோ ஒரு எண். மதில் எத்தனை மீட்டர், தரைமட்டம் எத்தனை மீட்டர்? "வயலெல்லாம் கடலாச்சு" என்பதை வைத்து அவர் வரைபடம் போட முடியாது. அவர் கஷ்டமும் நமக்குப் புரியணும்.

ஃபுகுஷிமா தாய்ச்சி நிலையத்துக்கு 1966-ல் அனுமதி கிடைத்தபோது, எண்ணோடு கிடைத்த பதிவு ஒன்று கையில் இருந்தது. 1960-ல் தென் அமெரிக்காவில் சிலி நாட்டு நிலநடுக்கம் கிளப்பிய அலை பசிபிக்கைத் தாண்டி வந்து, தெற்கே இருக்கும் ஒனாஹாமா துறைமுகத்தில் 3.1 மீட்டர் ஏறியிருந்தது. அதையே உச்சமாக வைத்துக்கொண்டார்கள். ஆறு வருஷத்துக்கு முந்தின அலை ஒன்று, பல தலைமுறை நிற்கவேண்டிய நிலையத்துக்கு அளவுகோல் ஆனது.

அந்த இடம் முதலில் 35 மீட்டர் உயரக் கரைமேடு. அதை வெட்டி 10 மீட்டருக்கு இறக்கி, அங்கே முதல் நாலு உலைகளைக் கட்டினார்கள். ஏன்னு பம்புசெட் வச்சிருக்கறவங்களுக்கு உடனே புரியும். தண்ணி எத்தனை அடி மேலே ஏறணுமோ அதுக்கேத்த ஹெச்பி, அதுக்கேத்த கரண்ட். உலையைக் குளிர வைக்க ராப்பகலா கடல் தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும். 35 மீட்டர் ஏத்தறதும் 10 மீட்டர் ஏத்தறதும் ஒண்ணில்ல. கட்டடம் கீழே இருக்கும் பாறையில் உட்காரணும்ங்கிற காரணமும் இருந்தது. அதைச் சொல்லாம விட்டா நியாயமில்ல. ஆனா மேடு இயற்கை கொடுத்தது. அதை வெட்டி இறக்கினது மனுஷன்.

அதே கடலோரத்தில், வடக்கே, ஒனகாவா என்ற ஊரில் தொஹோகு மின்சார நிறுவனமும் ஒரு அணுமின் நிலையம் கட்டியது. அந்த நிறுவனத்தின் துணைத் தலைவராக இருந்தவர் ஹிராய் யானோசுகே. அந்த மாகாணத்துக்காரர். அவர் ஊருக்குப் பக்கத்தில், இவானுமாவில், ஒரு பழைய கோயில் உண்டு. ஜோகன் அலை அந்தக் கோயில் வரைக்கும் வந்தது என்பது அந்தப் பக்கத்து ஜனங்கள் சொல்லி வந்த கதை. சின்ன வயசில் கேட்டதை அவர் மறக்கவில்லை. தரைமட்டம் 14.8 மீட்டர் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அவ்வளவு எதுக்கு என்று கேட்டவர்கள் நிறையப் பேர். அவர் இறங்கவில்லை. அலை வருவதற்கு முன் கடல் உள்வாங்கும், அப்போது உறிஞ்சு குழாய்க்குத் தண்ணீர் இல்லாமல் போகும் என்பதையும் யோசித்து, நாற்பது நிமிஷத்துக்குத் தண்ணீர் தங்குகிற மாதிரி வாய்க்கால் அமைத்தார்கள். முதல் உலை 1984-ல் ஓடத் தொடங்கியது. ஹிராய் 1986-ல் காலமானார். தான் சொன்னது சரியா தப்பா என்று அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

ஊர்க்கதையை மட்டும் நம்பலாமா என்று கேட்பீர்கள். நம்பக்கூடாதுதான். எங்க ஊர்லயும் ஒவ்வொரு குளத்துக்கும் ஒரு பூதம் உண்டு. கதை உண்மையான்னு பார்க்க மண்ணைத்தான் கேக்கணும். 1980-களில் அந்த வேலை நடந்தது.

தொஹோகு பல்கலைக்கழகத்தின் மினௌரா கோஜி என்ற மண்ணியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் சென்டாய் சமவெளியின் நெல் வயல்களில் குழி வெட்டினார்கள். ஒனகாவாவில் இரண்டாவது உலைக்கான வேலை வந்தபோது தொஹோகு மின்சார நிறுவனத்தின் ஆய்வாளர்களும் தனியாகத் தோண்டினார்கள். அவர்கள் முடிவு 1990-ல் வெளியானது. மின்சார நிறுவனமே தன் காசில் வயலைத் தோண்டி ஆயிரம் வருஷத்து அலையைத் தேடியது என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

வயல் மண்ணைக் கீழே கீழே பார்த்தால் பெரும்பாலும் கருப்புச் சேறும் மக்கின புல்லும்தான். நடுவில் திடீரென்று ஒரு மணல் கோடு வருகிறது. அதற்குச் சற்று மேலே வெள்ளையாக மெல்லிய சாம்பல் கோடு. அது தொவாதா எரிமலை 915-ல் வெடித்தபோது விழுந்த சாம்பல். அப்படியானால் அதற்குக் கொஞ்சம் கீழே உள்ள மணல் 915-க்குக் கொஞ்சம் முந்தியது. 869 பொருந்துகிறது. வரலாற்றுப் புத்தகத்தின் பத்தியும் வயலின் மணலும் ஒரே நிகழ்ச்சியைச் சொல்கின்றன.

ஆற்று வெள்ளம் கொண்டுவந்த மணலாக இருக்கக்கூடாதா? அதையும் சோதித்தார்கள். கடல் கொண்டுவந்த மணல் கரையோரம் தடிமனாக இருந்து உள்ளே போகப் போக மெலியும். உப்புத் தண்ணீரில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பாசியின் ஓடுகள் அதில் இருக்கும். இரண்டும் இருந்தன. மணல் அன்றைய கரையிலிருந்து மூன்று, நாலு கிலோமீட்டர் வரைக்கும் உள்ளே போயிருந்தது. இன்னும் ஆழத்தில் அதே மாதிரி வேறு மணல் கோடுகளும் இருந்தன. மூவாயிரம் வருஷத்தில் மூன்று தடவை. எண்ணூறிலிருந்து ஆயிரத்து நூறு வருஷத்துக்கு ஒருமுறை வருகிறது, கடைசியாக வந்து ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அடுத்தது வர வாய்ப்பு அதிகம் என்று மினௌரா குழு 2001-ல் எழுதிவிட்டது. ஒளிவு மறைவு எதுவும் இல்லை, ஆய்விதழில் அச்சில் வந்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன், நினைத்தால் எரிச்சல் வரும். 2002-ல் ஃபுகுஷிமாவுக்கான அலை உயரத்தை 5.7 மீட்டராகத் திருத்தினார்கள். நம்பகமான அளவு கிடைக்கிற பழைய நிலநடுக்கங்களை வைத்துப் போட்ட கணக்கு அது. அதே வருஷம் அரசின் நிலநடுக்க ஆய்வுத் தலைமையகம், அந்தக் கடலோரம் முழுக்க எங்கு வேண்டுமானாலும் பெரிய சுனாமி கிளம்பலாம் என்று அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கையை வைத்து 2008-ல் டெப்கோ நிறுவனத்துக்குள்ளேயே ஒரு கணக்கு போட்டுப் பார்த்தார்கள். 15.7 மீட்டர் வரைக்கும் தண்ணீர் ஏறலாம் என்று வந்தது. மேலிடம் அதைக் கட்டுமானப் பொறியாளர் சங்கத்திடம் மேற்கொண்டு ஆராயக் கொடுத்துவிட்டு வேலையைத் தள்ளிப்போட்டது. 2009 ஜூனில் அரசுக் குழுக் கூட்டத்தில் ஒகாமுரா யுகினோபு என்ற நிலநடுக்க ஆய்வாளர், ஜோகனை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை என்று நேராகவே கேட்டார். அதனால் ஏற்பட்ட சேதம் பற்றி அவ்வளவாகத் தகவல் இல்லை என்பது டெப்கோ தரப்பின் பதில். ஆயிரம் பேர் மூழ்கினது சேதமில்லையா?

2011 மார்ச் 11, மதியம் 2.46. நிலநடுக்க அளவு 9. ஃபுகுஷிமாவில் 14, 15 மீட்டருக்குத் தண்ணீர் ஏறி, 10 மீட்டர் தரையில் இருந்த கட்டடங்களுக்குள் புகுந்தது. அவசரத்துக்கு வைத்திருந்த டீசல் ஜெனரேட்டர்கள் பெரும்பாலும் கீழ்த்தளத்தில் இருந்தன. மோட்டார் கொட்டகையைப் பள்ளத்துல கட்டினா மழைக்காலத்துல என்ன ஆகும்னு எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். மூன்று உலைகள் உருகின.

ஒனகாவா அந்த நிலநடுக்கத்தின் மையத்துக்கு ஃபுகுஷிமாவை விடப் பக்கம். அங்கே அலை 13 மீட்டர். நடுக்கத்தில் தரையே ஒரு மீட்டர் இறங்கிவிட்டது, ஆகவே மிச்சம் இருந்தது எண்பது சென்டிமீட்டர். முழங்காலுக்குக் கொஞ்சம் மேல். அங்கேயும் எல்லாம் சுகமில்லை. ஒரு கட்டடத்தில் தீப்பிடித்தது, இரண்டாம் உலையின் கீழ்த்தளத்தில் தண்ணீர் நுழைந்தது, வெளியிலிருந்து வரும் ஐந்து மின்தடங்களில் ஒன்றுதான் தப்பியது. இருந்தும் மூன்று உலைகளும் பத்திரமாக நின்றன. வீடிழந்த சுற்றுப்புற ஜனங்கள் முந்நூறு பேருக்கு மேல் அந்த நிலையத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில்தான் தங்கினார்கள்.

இதை ஹிராய் புத்திசாலி, டெப்கோ முட்டாள் என்று முடித்துவிடலாம். எனக்கு அதில் முழு சம்மதமில்லை. ஜோகன் மணலை வைத்து அப்போது போட்ட கணக்கு ஃபுகுஷிமாவில் 9 மீட்டரைத்தான் காட்டியது. கீழே இருந்த கடல்நீர்ப் பம்புகளை மூழ்கடிக்க அது போதும், ஆனால் 10 மீட்டர் தரைக்கு ஏறாது. கணக்கு ஏன் குறைந்தது என்பதும் 2011-க்குப் பிறகுதான் தெரிந்தது. சென்டாய் வயல்களில் அந்த வருஷம் தண்ணீர் நாலரை கிலோமீட்டர் வரை போன இடத்தில், கண்ணுக்குத் தெரிகிற மணல் மூன்று கிலோமீட்டருக்குள் நின்றுவிட்டது. அதற்கப்பால் வெறும் சேறு. அப்படியென்றால் 869-லும் தண்ணீர் மணலைத் தாண்டிப் போயிருக்கும். மணல் பொய் சொல்லவில்லை, குறைத்துச் சொன்னது. எங்களுக்கும் 2004-ல் அப்படித்தான். கடல் பக்கம் இருந்த நிலத்தில் மணல், மேற்கே போகப் போக வெறும் கருஞ்சேறு, அதற்கும் மேற்கே உப்பு மட்டும். உப்பு மட்டும் ஏறின நிலத்தை இன்றைக்குத் தோண்டினால் ஒரு அடையாளமும் கிடைக்காது.

ஆகவே பழைய பதிவைப் படிக்கிறவர் அதில் இருப்பதற்கு மேலேயும் கொஞ்சம் இடம் விட்டுப் படிக்கணும். ஹிராய் செய்தது அதைத்தான் என்று நினைக்கிறேன். அவர் மண்ணைத் தோண்டிப் பார்த்தவரில்லை, கோயில் வரை வந்தது என்பதைக் காதில் வாங்கி அதற்கு மேல் ஏறி நின்றவர். டெப்கோ எண் கிடைக்கும்வரை காத்திருந்தது. 2012-ல் ஜப்பான் நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு, இது மனிதன் உண்டாக்கிய விபத்து என்றே எழுதியது. இப்போது அங்கே புது விதி. நிலையத்துக்கு அடியில் உள்ள நிலப்பிளவு கடந்த ஒன்றேகால் லட்சம் வருஷத்தில் அசைந்ததா என்று பார்க்கணும், சந்தேகம் இருந்தால் நாலு லட்சம் வருஷம் வரை போகணும்.

நம்ம பக்கம் என்ன? 2004-ல் கல்பாக்கத்தில் கடல்நீர்ப் பம்பு நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். புதிய ஈனுலைக்கு வெட்டியிருந்த அஸ்திவாரப் பள்ளம் நிரம்பியது. கடல் புகாரைக் கொண்டதாக மணிமேகலை சொல்வதை நாம் பள்ளிக்கூடத்தில் கதையாகத்தான் படித்தோம். சுனாமிக்குப் பிறகு காவிரிப்பூம்பட்டினத்தில் மண்ணியலாளர்கள் தோண்டிப் பார்த்து, சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முந்தின சோழர் காலச் சுனாமிப் படிவு ஒன்றைக் கண்டு 2011-ல் எழுதினார்கள். அது மணிமேகலையின் கடல் இல்லை, காலம் ஒத்து வராது. ஆனால் 2004-க்கு முன்னாலும் இந்தக் கரைக்கு அப்படி ஒன்று வந்திருக்கிறது. எங்க தாத்தா காலத்துல யாரைக் கேட்டாலும் "கடலாவது ஊருக்குள்ள வர்றதாவது"ன்னுதான் சொல்லியிருப்பாங்க.

குழிக்குத் திரும்புறேன். பையன்கிட்ட கொடாப்பு வச்சு மணல் கோட்டைச் சுத்தமாச் சீவச் சொல்லி, அளவு டேப் வச்சு போட்டோ எடுத்தேன். பத்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு கைப்பிடி மணலைப் பாலிதீன் பையில கட்டி, தேதியும் இடமும் சீட்டுல எழுதிப் போட்டு, நெல்லு விதை வைக்கிற அலமாரியில வச்சிருக்கேன். "இதை எதுக்கு மாமா?"ன்னு கேட்டான். சுருக்கமா சொல்லத் தெரியல. குழியை மூடச் சொல்லிட்டு, தென்னங்கன்னை எட்டடி மேக்கால தள்ளி வச்சோம்.