ஆளற்ற நிலம்: ரோமின் பாழ்நகரமும் ஒரு வீடியோ விளையாட்டும்

வீடியோ விளையாட்டைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவதா என்று சில நண்பர்கள் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். வரலாறு இன்று பாடப் புத்தகத்தில் மட்டுமா எழுதப்படுகிறது? பிள்ளைகள் கையில் வைத்து ஆட்டும் அந்தக் கருவியிலும்தான் எழுதப்படுகிறது. பாடப் புத்தகத்தைக் கட்டுடைக்கிற நாம் இதை மட்டும் 'பசங்க சமாச்சாரம்' என்று ஒதுக்கிவிட்டுப் போவது சரியாகப் படவில்லை.

அக்கா மகன் ஆடிக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப்போய், நானும் ஆட ஆரம்பித்தேன். 2010இல் யூபிசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட 'அஸாஸின்ஸ் க்ரீட்: பிரதர்ஹுட்'. களம் ரோம் நகரம். காலம் 1500 முதல் 1507 வரை. நாயகன் எட்ஸியோ, போப் ஆறாம் அலெக்ஸாந்தரின் போர்ஜியா குடும்பத்தை எதிர்த்து நிற்கிறான். நகரம் சில வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒன்றின் பெயர் 'ஆன்டிகோ', அதாவது பழையது. கொலோசியமும் 'ஃபோரம்' எனும் பழைய பொதுமன்றமும் இடிபாடுகளாகக் கிடக்கும் வட்டாரம் அது.

“மாமா, அது மேல ஏறுங்க. ஊரே தெரியும்” என்றான். ஏறினேன். தெரிந்தது. உடைந்த தூண்கள், புல், நீண்ட நிழல்கள். அழகாகத்தான் இருந்தது. “ஏண்டா, இங்க ஆள் நடமாட்டமே அதிகமா இல்லையே?” என்று கேட்டேன். “அது ருயின்ஸ் மாமா. ருயின்ஸ்ல யாரு இருப்பா?”

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை. பாழில் யார் இருப்பார்கள்?

விளையாட்டைச் செய்தவர்கள் சும்மா கற்பனை செய்துவிடவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பேரரசின் உச்சத்தில் பத்து லட்சம் பேர் வாழ்ந்ததாகக் கருதப்படும் ரோமில், 1527ஆம் ஆண்டுச் சூறையாடலுக்குச் சற்று முன் எடுத்த கணக்கின்படி சுமார் 55,000 பேர்தான் இருந்தார்கள். 3ஆம் நூற்றாண்டில் ஔரேலியன் கட்டிய 19 கிலோமீட்டர் மதில் மட்டும் அப்படியே நின்றது. மக்கள் ஆற்றோரம் நெருக்கியடித்து வாழ, மதிலுக்குள்ளேயே மீதி நிலம் தோட்டமும் மேய்ச்சலுமாகக் கிடந்தது. அதற்கு 'திசாபிதாதோ' என்று பெயர்: குடியில்லாத பகுதி.

இங்கேதான் சொல் நம்மை ஏமாற்றுகிறது. குடியில்லாதது என்று யார் சொன்னது? அதே நிலத்துக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர்களைப் பாருங்கள். ஃபோரத்துக்கு 'காம்போ வாச்சினோ', அதாவது மாட்டு மைதானம். கேபிடோல் குன்றின் ஒரு பகுதிக்கு 'மோன்தே காப்ரீனோ', ஆட்டுக் குன்று. மாடு இருந்தால் மாடு மேய்க்கிறவன் இருப்பான். திராட்சைத் தோட்டம் இருந்தால் கொத்திக் கொடுக்கிறவன் இருப்பான். 1506 ஜனவரியில் புகழ்பெற்ற லாவோகோன் சிற்பம் வெளிவந்ததே ஒரு திராட்சைத் தோட்டத்தை வெட்டும்போதுதான். அதைப் பார்க்க ஓடிவந்தவர்களில் மைக்கேலாஞ்சலோவும் ஒருவர். அவர் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. மண்வெட்டி பிடித்தவன் பெயர்?

பிறகு சுண்ணாம்புக் காளவாய்கள். சலவைக்கல்லைச் சுட்டால் சுண்ணாம்பு. பழைய ரோமின் சிலைகளும் தூண்களும் காளவாயில் வெந்துதான் புதிய ரோமின் சுவர்களுக்குச் சாந்தாயின. 1450களின் தொடக்கத்தில் கொலோசியத்திலிருந்து மட்டும் 2,500 வண்டிக்கு மேல் கல் ஏற்றிப்போனார்கள். 1462இல் போப் இரண்டாம் பயஸ் பழைய கட்டடங்களை இடிக்கக் கூடாது என்று ஆணை போட்டார். ஆணைக்குப் பின்னும் கல் போய்க்கொண்டுதான் இருந்தது. 1515இல் ஓவியர் ரஃபேலிடம் பழைய சலவைக்கற்களின் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. அப்போது அவர் புனித பேதுரு பேராலயத்தின் கட்டடக் கலைஞரும்கூட. ஆலயத்துக்குக் கல் வேண்டும். சில ஆண்டுகள் கழித்துப் போப் பத்தாம் லியோவுக்கு எழுதிய கடிதத்தில், பழைய சிலைகள் சுண்ணாம்பாகிப் போவதைச் சொல்லிப் புலம்பியவரும் அவரே. பாதுகாப்பும் சூறையும் ஒரே அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தன என்று படிக்கலாம்.

ஆக 1500இன் 'பாழ்' ஒரு வேலைத்தலம். மேய்ச்சல், தோட்டம், கல்லுடைப்பு, காளவாய். வீடுகளும் இருந்தன. எப்படித் தெரியும்? இடித்ததால் தெரியும். 1536இல் பேரரசர் ஐந்தாம் சார்ல்ஸ் ரோமுக்குள் ஊர்வலம் வந்தார். ஃபோரத்தின் வழியே பழைய வெற்றி வளைவுகளைத் தாண்டி அவர் வர வேண்டும் என்று போப் மூன்றாம் பால் ஏற்பாடு செய்தார். அந்தப் பாதைக்காக இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளும் மூன்று நான்கு கோயில்களும் தரைமட்டமாக்கப்பட்டதாக, அப்போது ரோமில் இருந்த பிரெஞ்சு எழுத்தாளர் ரபெலே கடிதம் எழுதியிருக்கிறார். இருநூறு வீடு! பாழில் யார் இருப்பார்கள் என்பதற்கு இதைவிடப் பதில் வேண்டுமா?

நானூறு ஆண்டுகள் கழித்து இன்னொரு ஊர்வலம். 1932 அக்டோபர் 28, முசோலினி தன் ஆட்சியின் பத்தாம் ஆண்டு விழாவுக்குக் கொலோசியத்தை நோக்கி நேர்கோட்டில் ஒரு சாலை திறந்தார். பெயர் 'பேரரசுச் சாலை'. அதற்காக வேலியா குன்றை வெட்டினார்கள். அலெஸாந்த்ரீனோ குடியிருப்பை இடித்தார்கள். அங்கிருந்த ஏழை ஜனங்கள் நகரத்தின் ஓரத்தில், 'பொர்காத்தா' எனப்பட்ட குடியிருப்புகளுக்குத் தள்ளப்பட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், தோண்டியெடுத்த பழைய மன்றங்களின் பெரும்பகுதி அந்தச் சாலைக்கு அடியிலேயே மூடப்பட்டது. பழம்பெருமையை மீட்கிறோம் என்றார்கள். மீட்டது ராணுவ அணிவகுப்புக்கு ஒரு பின்னணித் திரை.

செடிகளைக்கூட விட்டுவைக்கவில்லை. 1855இல் ரிச்சர்ட் டீக்கின் என்பவர் கொலோசியத்தின் சுவர்களில் வளர்ந்த 420 தாவர வகைகளைப் பட்டியலிட்டு நூல் வெளியிட்டார். 1870களில் அவை பிடுங்கி எறியப்பட்டன. 'தூய்மையான' பாழ் இப்படித்தான் கிடைத்தது. பாழ் தானாக ஆவதில்லை, ஆக்கப்படுகிறது.

இனி விளையாட்டுக்கு வருவோம். அதில் போர்ஜியாக்களின் காவல் கோபுரத்தைக் கொளுத்தினால் அந்த வட்டாரம் 'விடுதலை' ஆகிறது. உடனே நாம் என்ன செய்கிறோம்? பூட்டிக் கிடக்கும் கடைகளைப் பணம் போட்டுப் புதுப்பிக்கிறோம். வருமானம் குறிப்பிட்ட நேரத்துக்கொருமுறை வங்கியில் வந்து விழுகிறது. கொலோசியத்தையே விலைக்கு வாங்கலாம். நானும் வாங்கினேன், மறைப்பானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. கொடுங்கோலனை விரட்டியவன் அடுத்த நிமிடம் வீட்டுச் சொந்தக்காரன் ஆகிறான். நகரம் யாருக்கு என்ற கேள்வி, வாடகை எனக்கு என்று முடிகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொலோசியத்துக்குள் ஏசுவின் பாடுகள் நாடகம் நடக்கும் ஒரு கட்டம் வருகிறது. அதுவும் வரலாறுதான். 1490 முதல் 1539 வரை கொன்ஃபலோனே சபையார் புனித வெள்ளியில் அங்கே அந்த நாடகத்தை நடத்தினார்கள். ஏன் நின்றது? நாடகம் பார்த்து வெறியேறிய கூட்டம் யூதர்களைத் தாக்கியதால் நிறுத்தப்பட்டது. விளையாட்டில் நமக்குத் தரப்படும் வேலை, மேடையில் ஏசுவாக நடிப்பவனைக் கொலையிலிருந்து காப்பாற்றுவது. மேடையில் நடக்கவிருக்கும் கொலை தெரிகிறது. பார்வையாளர் கையிலிருந்த கல்? ஒரு கூப்பிடு தூரத்தில் தீத்துஸ் வளைவு நிற்கிறது. எருசலேம் கோயிலிலிருந்து கொள்ளையிட்ட விளக்குத் தண்டு அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. ரோமின் யூதர்கள் அந்த வளைவின் கீழே நடப்பதில்லை என்பது நெடுநாள் மரபாக இருந்தது. நாம் 'அழகான இடிபாடு' என்று பார்க்கும் கல், ஒருவருக்குத் தோல்வியின் சாட்சி. 1555இல் அவர்களை மதிலுக்குள் அடைத்துத் தனிச்சேரி ஆக்கினார் போப் நான்காம் பால்.

விளையாட்டைத் தடை செய் என்று கேட்க நான் வரவில்லை. அக்கா மகனிடம் இருநூறு வீட்டுக் கதையைச் சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப அந்த வீட்டையும் கேம்ல வெச்சிருக்கலாமே மாமா” என்றான். வைத்திருக்கலாம். வைத்தால், அதை இடிக்க வருகிறவன் யார் என்றும் காட்டியாக வேண்டும். அவன் கெட்ட போப்பாக மட்டும் இருக்க மாட்டான். நகரத்தை அழகுபடுத்த வந்தவனாக, பழமையைப் பாதுகாக்க வந்தவனாக, சில நேரம் புதுப்பிப்பதற்குப் பணம் கட்டும் நாயகனாகவும் இருப்பான். ஆடுகிறவன் கையில் இருப்பது அந்த நாயகன்தான்.