நியூட்டனை ஏமாற்றிய ஓட்டை

தண்ணித் தொட்டியோட பக்கவாட்டுல ஒரு ஓட்டை. அதுக்கு மேல 1 மீட்டர் உயரத்துக்கு தண்ணி நிக்குது. வினாடிக்கு எவ்வளவு வெளியே வரும்?

1644-லயே இத்தாலிக்காரர் டோரிசெல்லி வழி சொல்லிட்டார். அந்த உயரத்திலிருந்து விழற கல்லுக்கு என்ன வேகமோ அதேதான் தண்ணிக்கும்: வினாடிக்கு 4.43 மீட்டர். ஓட்டை 1 சதுர செ.மீ.ன்னா 443 மில்லி வரணும். பக்கெட் வெச்சு பிடிச்சா சுமார் 270 மில்லிதான் வருது! மீதி எங்கே?

இதுல நியூட்டனே சறுக்கியிருக்கார். 1687-ல் வந்த பிரின்சிபியா முதல் பதிப்பில், பாதி உயரத்துக்கு உண்டான வேகம்தான் தண்ணிக்குன்னு எழுதிட்டார். 1713-ல் வந்த இரண்டாம் பதிப்பில் திருத்தினார். வேகம் குறையலை, ஓட்டையைத் தாண்டினதும் தாரைதான் சுருங்குது. அளந்தும் பார்த்தார்: ஓட்டையின் விட்டம் 25 பங்குன்னா தாரை 21 பங்கு.

ஓரத்திலிருந்து ஓடி வர்ற தண்ணியால ஓட்டை விளிம்புல சட்டுனு திரும்ப முடியாது, அதான் காரணம். 1869-ல் கிர்க்காஃப் நீளமான பிளவுக்கு இதைக் கணக்காவே போட்டார். விடை 0.611. கூர்மையான வட்ட ஓட்டைக்கும் சோதனையில் கிட்டத்தட்ட 0.61 வருது. காலேஜ்ல டிஸ்சார்ஜ் கோஎஃபிஷியன்ட்னு மனப்பாடம் பண்ணினோமே, அதே ஆசாமிதான் :-)

இது காசு விஷயமும்கூட. அமெரிக்காவில் ஹோலியோக் ஊர்ல, ஆலைகளுக்கு ஆத்துத் தண்ணியை விக்கிற கம்பெனியில் கிளமென்ஸ் ஹெர்ஷல் இன்ஜினியர். யார் எவ்வளவு எடுத்தாங்கன்னு தெரியாம பில் போட முடியுமா? 1887-ல் அவர் சோதிச்சது, மெல்லக் குறுகி மெல்ல விரியற குழாய். கூர்மையான விளிம்பே இல்லாததால் கெழு 1-ஐ நெருங்கிடும். 1797-லயே இந்த மாதிரி குழாய்களை ஆராய்ஞ்ச வெஞ்சுரியின் பெயரையே அதுக்கு வெச்சார்.

இன்னிக்கு கம்ப்யூட்டர்ல சிமுலேஷன் ஓட்டி இதே கெழுவை எடுக்கறோம். குழாய்க்குள்ள ஓட்டை போட்ட தகடு, முன்னும் பின்னும் அழுத்தம், நடுவுல ஓட்டம். கிடைச்ச ஓட்டத்தை, சுருக்கமும் உராய்வும் இல்லாட்டி வந்திருக்க வேண்டிய ஓட்டத்தால வகுத்தா வேலை முடிஞ்சது. ஆனா ரெண்டு பொறி இருக்கு. ஒண்ணு, தகட்டைத் தாண்டினதும் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமா மீளும், அதனால எந்த இடத்துல அழுத்தம் எடுக்கறோம்ங்கறதைப் பொறுத்து கெழுவே மாறும். ரெண்டு, விளிம்பு பக்கத்துல கட்டங்கள் பெருசா இருந்தா கூர்மையான விளிம்பு மழுங்கின மாதிரி ஆகி, தாரை சரியா சுருங்காது.

கலர் கலரா வர்ற படத்துல இந்தத் தப்பு ரெண்டும் கண்ணுக்குத் தெரியாது. அதனால புதுசா ஒரு வால்வையோ தகட்டையோ கணக்குப் போடறதுக்கு முன்னாடி, சாதாரண தொட்டி ஓட்டையை ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. 0.61 பக்கத்துல வரலைன்னா அடுத்த விடையையும் நம்பாதீங்க. நியூட்டனைத் திருத்தினது அளந்து பார்த்த தாரைதான், நமக்கும் அதுவே வழி.